வளாகத்தில் ஒரு கடனுதவிக் கழகம்: யாருடைய பணம் என்பதே முதற்கேள்வி

கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கும் இரண்டாம் வருட மாணவி ஒருவர், சட்டத்தரணியான எனக்கு நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு விடயத்தை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

மலையகத்திலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் வந்து, வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் போடிங்கில் தங்கிப் படிக்கும் நண்பர்கள் 14 பேர் சேர்ந்து, மாதம் ஆளுக்கு 1,500 ரூபா போட்டு ஒரு பொது நிதியைத் தொடங்கியிருக்கிறார்கள். மஹாபொல புலமைப்பரிசில் பணம் பிந்தும் மாதங்களில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கைமாற்றுக்கு அலைய வேண்டாம் என்பதே தொடக்க நோக்கம். மூன்று மாதங்களில் 63,000 ரூபா சேர்ந்தது. இதைக் கேள்விப்பட்ட போடிங் வீட்டு அன்ரி 50,000 ரூபாவும், ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் 25,000 ரூபாவும், "வங்கியில் கிடப்பதைவிட உங்களிடம் இருக்கட்டும்" என்று கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி தருவதாக வாய்ச்சொல்லில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கனடாவிலுள்ள மாமாவும் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார். பணம் முழுவதும் மாணவியின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. இனி இதை ஒரு நுண்நிதிக் கழகமாக்கி, கனிஷ்ட மாணவர்களுக்கும், வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் பெண்களுக்கும் மாதம் 2 சதவீத வட்டிக்குக் கடன் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் முதற்கடனாக 20,000 ரூபா வாங்கிய கனிஷ்ட மாணவன் இரண்டு தவணையோடு நிறுத்திவிட்டான். அவனுடைய அடையாள அட்டையை வாங்கி வைக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். வட்டியே வேண்டாம் என்று தயங்குகிறார்கள் முஸ்லிம் நண்பர்கள் இருவர். "பல்கலைக்கழகத்தில் கழகமாகப் பதிந்துவிட்டால் போதுமா?" என்பது மாணவியின் கேள்வி.

அன்பின் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மஹாபொல வராத மாதத்தில் நண்பன் ஒருவன் பாணும் பருப்புமாக ஒரு கிழமையைக் கடத்தியதைப் பார்த்துத்தான் இது தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உணர்வைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு காரியங்களை ஒரே கணக்கில் போட்டு வைத்திருக்கிறீர்கள். நண்பர்கள் தங்கள் சொந்தப் பணத்தைச் சேர்த்துத் தங்களுக்குள் உதவிக்கொள்வது ஒன்று. வெளியாரிடம் வட்டி சொல்லிப் பணம் வாங்கி வேறொருவருக்குக் கடன் கொடுப்பது இன்னொன்று. முதலாவதை ஒழுங்குபடுத்தித் தொடரலாம். இரண்டாவதை இன்றே நிறுத்த வேண்டும்.

லாபநோக்கு இல்லை என்பது காப்பாகுமா?

"நாங்கள் லாபத்துக்காகச் செய்யவில்லை, ஆகவே சட்டச் சிக்கல் வராது" என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அது சரியல்ல. 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம், பிறரிடமிருந்து வைப்புப் பணம் ஏற்று அதைக் கடனாகக் கொடுப்பதை மத்திய வங்கியின் உரிமம் பெற்றவர்களுக்கு உரிய தொழிலாக வைத்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்குண்டு. அதை மீறுவது சிறைத்தண்டனையும் அபராதமும் உள்ள குற்றம். உங்களுக்கு இலாபம் வந்ததா என்பது அங்கே முதற்கேள்வியாக வருவதில்லை. திருப்பித் தர வேண்டிய கடப்பாட்டோடு பிறருடைய பணத்தை வாங்கினீர்களா என்றுதான் பார்ப்பார்கள். "பங்களிப்பு" என்றோ "முதலீடு" என்றோ கொப்பியில் எழுதி வைத்தாலும், அன்ரி நாளைக்கு வந்து கேட்டால் வட்டியோடு கொடுக்க வேண்டிய பணம் என்றால் அதன் தன்மை மாறாது.

இரண்டு பேரிடம் 75,000 ரூபா வாங்கியதற்காக நாளைக்கே பொலிஸ் வாசலுக்கு வந்துவிடும் என்று உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் அன்ரியைப் பார்த்து பக்கத்து வீட்டுக்காரரும், அவரைப் பார்த்து இன்னொருவரும் கொண்டுவந்து தருவார்கள். நிறுவனங்கள் விழுந்து பல குடும்பங்கள் சேமிப்பை இழந்த கதைகள் இந்த நகரத்தில் அப்படித்தான் தொடங்கின. பணம் உங்கள் சொந்தக் கணக்கில் இருப்பதும் கவலைக்குரியது. யாராவது ஒருவர் பணம் கிடைக்கவில்லை என்று முறையிட்டால், நம்பிக்கை மோசடி என்று தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் விசாரிக்கப்படப் போவது கழகம் அல்ல, நீங்கள். பலரிடமிருந்து ஒரு மாணவியின் கணக்குக்கு அடிக்கடி பணம் வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று வங்கி கேட்கும். 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தின்படி அப்படிக் கேட்பது வங்கியின் கடமை.

2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அச்சட்டமும் வைப்பு ஏற்று நுண்கடன் கொடுப்பவர்களை நோக்கியே எழுதப்பட்டது. சொந்தப் பணத்தை மட்டும் கடன் கொடுப்பவர்கள் அதன் பிடிக்குள் வராமல் போனது பெரிய குறை என்று நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கடன் கொடுப்போர் எல்லோரையும் பதிவுக்குள் கொண்டுவரும் புதிய சட்டமூலங்கள் எழுந்ததும் அதனால்தான். ஆகவே வெளியாருக்குக் கடன் கொடுக்க எப்போதாவது நினைத்தால், அன்றைய நாளில் நடைமுறையிலுள்ள சட்டத்தைக் கேட்டறிந்த பிறகே முதல் ரூபாவைக் கொடுங்கள்.

நீங்கள் முன்மாதிரியாகச் சொல்லும் முகம்மது யூனுஸ் அவர்களின் கதையில் ஒரு சிறு விடயத்தை விட்டுவிட்டீர்கள். பங்களாதேஷின் சிட்டகொங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்தபோது, 1976இல், வளாகத்துக்குப் பக்கத்திலிருந்த ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு அவர் கொடுத்தது 27 டொலர் பெறுமதியான பணம். அது அவருடைய சொந்தப் பணம். போனாலும் அவருக்குத்தான் போகும். பிறருடைய பணத்தை ஏற்கும் கிராமீன் வங்கியாக அது வளர்ந்தபோது, 1983இல், அதற்கென்றே தனிச் சட்டம் ஆக்கப்பட்டது. வளாகத்திலிருந்து தொடங்கலாம் என்பதற்கு அவர் நல்ல சாட்சிதான், ஆனால் எந்த ஒழுங்கில் தொடங்கினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாதம் 2 சதவீதம் குறைந்த வட்டியா?

மாதம் 2 என்றால் ஆண்டுக்கு 24, அது கிழமை லோன்காரர்களைவிடக் குறைவு என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். முகாமைத்துவ மாணவி என்பதால் கொப்பியையும் பேனையையும் எடுத்து என்னோடு ஒருமுறை பாருங்கள். 20,000 ரூபாவுக்கு மாதம் 2 சதவீதப்படி பத்து மாத வட்டி 4,000 ரூபா. மொத்தம் 24,000 ரூபா. தவணை 2,400 ரூபா. ஆனால் கடன்காரனின் கையில் 20,000 ரூபா இருப்பது முதல் மாதம் மட்டுமே. ஒவ்வொரு தவணையிலும் முதல் குறைந்துகொண்டே போக, வட்டியை மட்டும் கடைசி மாதம் வரை முழு 20,000 ரூபாவுக்கும் அறவிடுகிறீர்கள். மீதியாக நிற்கும் முதலின் மேல் கணக்கிட்டால் அந்த வட்டி மாதத்துக்கு ஏறத்தாழ மூன்றரை சதவீதம். ஆண்டுக்கு 41 சதவீதத்தையும் தாண்டுகிறது. தன் மேற்பார்வையிலுள்ள நிறுவனங்களின் நுண்கடன்களுக்கு 2018இல் மத்திய வங்கி விதித்த உச்சவரம்பே 35 சதவீதம்தான். நண்பனுக்கு உதவப் புறப்பட்ட நீங்கள், அறியாமலே அந்த வரம்புக்கு மேலே போயிருக்கிறீர்கள்.

இதை உங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. நுண்கடன் வாங்கிய பெண்கள் பலருக்கும் யாரும் விளக்கிச் சொல்லாத கணக்கு இதுதான். வட்டி வாங்குவதென்றால் மீதி முதலுக்கு மட்டும் வாங்குங்கள். என்னைக் கேட்டால், உங்கள் முஸ்லிம் நண்பர்கள் இருவரின் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுத்து, இஸ்லாத்தில் "அழகிய கடன்" என்று சொல்லப்படும் வட்டியில்லாக் கடனாக இதை வைத்துக்கொள்வதுதான் நல்லது. கொப்பிக்கும் வங்கிக் கட்டணத்துக்கும் ஆளுக்கு ஒரு சிறு சந்தாவை ஒரே அளவில் அறவிட்டால் போதும். வட்டி இல்லாத இடத்தில் சட்டத்தின் பல கேள்விகளும் எழுவதில்லை, நண்பர்களுக்குள் மனத்தாங்கலும் குறையும்.

தவணை கட்டாத தம்பி

அடையாள அட்டையை வாங்கி வைக்கும் யோசனையை முற்றாக விட்டுவிடுங்கள். தேசிய அடையாள அட்டை ஈடு வைக்கும் பொருளல்ல. அதைப் பிடித்து வைத்தால் பரீட்சை மண்டபத்திலும் வீதிச் சோதனையிலும் அந்த மாணவன் தவிக்க வேண்டி வரும், முறைப்பாடும் உங்கள் மீதே வரும். வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வாங்கி வைப்பது அதைவிடப் பாரதூரமானது. அறைத்தோழர்களிடம் சொல்லி வெட்கப்படுத்துவதும் வேண்டாம். கடன் கேட்டு வாசலில் வந்து நின்று ஊருக்குக் கேட்கப் பேசுபவர்களால் மனிதர்கள் எந்த நிலைக்குத் தள்ளப்படுவார்கள் என்பதை நான் என் கட்சிக்காரர்களிடம் பார்த்திருக்கிறேன்.

அவனைத் தனியே கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேளுங்கள். மஹாபொல வரும் நாள் கூடிக் குறையும்போது, ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி தவணை என்று நீங்கள் வைத்ததே பிழையாக இருக்கலாம். கொடுப்பனவு கணக்கில் விழுந்து ஒரு கிழமைக்குள் என்று மாற்றிப் பாருங்கள். வட்டியை விட்டு, மிகுதி முதலை எத்தனை தவணையில் கொடுப்பான் என்று ஒரு கடதாசியில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகளுக்குள்ளும், வாய்ச்சொல்லாகக் கொடுத்த கடனுக்கு மூன்று ஆண்டுகளுக்குள்ளும் வழக்கிடலாம் என்பது பொதுவான விதி. ஆனால் 16,000 ரூபாவுக்காக ஒரு மாணவனை நீதிமன்றத்துக்கு இழுப்பதை நான் ஒருபோதும் ஆலோசனையாகச் சொல்ல மாட்டேன். எழுத்து எதற்கென்றால், அடுத்த வருடம் நிர்வாகம் மாறும்போது யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்பதில் சண்டை வராமலிருக்க.

ஐந்து பேர் குழுவாகப் பிணை நிற்கும் முறை உலகம் முழுவதும் வெற்றி பெற்றது என்கிறீர்கள். அந்த முறைக்குப் பேர் பெற்ற கிராமீன் வங்கியே பின்னாளில், ஒருவரின் கடனுக்கு மற்றவர்கள் கூட்டாகப் பொறுப்பேற்கும் ஏற்பாட்டைக் கைவிட்டது. பல வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையிலிருந்து என்னிடம் வந்த ஒரு பெண், தான் வாங்காத கடனுக்கு, குழுவில் ஒப்பமிட்ட ஒரே காரணத்தால், ஏழு மாதம் தவணை கட்டியிருந்தார். கடன் வாங்கியவர் அடுத்த வீட்டுச் சிநேகிதி. பணத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. பிள்ளைப்பேறுக்கு ஒருவருக்கொருவர் துணை நின்ற இரண்டு வீடுகள் இப்போது முகம் பார்ப்பதில்லை என்றுதான் அழுதார். ஒரே போடிங்கில் ஒரே அறையில் இருக்கும் உங்களுக்குள் அந்தப் பிணையைக் கொண்டுவராதீர்கள்.

எந்த வடிவத்தில் வைத்துக்கொள்ளலாம்?

பல்கலைக்கழகத்தில் பதிவது அவசியம்தான், ஆனால் அது வைப்பு ஏற்பதற்கான உரிமத்தைத் தராது. அது தருவது வேறொரு பாதுகாப்பு: உங்கள் யாப்பு பார்க்கப்படும், விரிவுரையாளர் ஒருவர் பெரும்பொருளாளராக வருவார், கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம், காசோலையில் அவரும் இளம்பொருளாளரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். பணம் உங்கள் பெயரிலிருந்து வெளியேறுவதே பெரிய ஆறுதல். பல்கலைக்கழகத்தின் பெயரையோ இலச்சினையையோ கடன் பத்திரங்களில் போட எழுத்துமூல அனுமதி வேண்டும். அனுமதி கேட்கும்போது "நுண்நிதி" என்ற சொல்லைத் தவிர்த்து "மாணவர் சேமிப்பு உதவிக் கழகம்" என்பது போன்ற பெயரை வையுங்கள். நீங்கள் செய்யப்போவதும் அதுதானே.

யாப்பில் எழுத வேண்டியவற்றுள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். உறுப்பினர் அல்லாதவரிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை, உறுப்பினர் அல்லாதவருக்குக் கொடுப்பதுமில்லை. சேமிப்புக்கு வட்டி உறுதியளிப்பதில்லை. ஒருவருக்குக் கொடுக்கும் கடன் அவருடைய சேமிப்பின் இரண்டு அல்லது மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. உங்களுக்குப் பொருந்தாத விதியென்று தோன்றினாலும் கட்டாயம் வேண்டியது ஒன்றுண்டு: இறுதிப் பரீட்சைக்கு முன் அடைத்து முடிக்க முடியாத கடனை யாருக்கும் கொடுப்பதில்லை. கிராமத்துச் சங்கத்தில் கடன் வாங்கியவர் நாளைக்கும் அதே ஊரில் இருப்பார். வளாகத்தில் அவர் பட்டத்தை வாங்கிக்கொண்டு கட்டாருக்கோ மட்டக்களப்புக்கோ போய்விடுவார், கடன் கொடுத்த நிர்வாகமும் போய்விடும். மாணவர் நிதிகள் களவினால் கரைவதைவிட, கைமாறும்போது கொப்பி தொலைந்து கரைவதே அதிகம் என்பது என் அனுபவம். ஆகவே மாதக் கணக்கை எல்லா உறுப்பினருக்கும் அனுப்புவதும், புதிய நிர்வாகம் பொறுப்பேற்கும் நாளில் பழைய நிர்வாகம் வங்கி மீதியை எழுதி ஒப்பமிட்டுக் கொடுப்பதும் யாப்பிலேயே இருக்கட்டும்.

இப்படி மூடிய வட்டத்துக்குள் சொந்தப் பணத்தைச் சுழற்றுவது எங்கள் வீட்டுப் பெண்கள் தலைமுறைகளாகப் பிடித்து வரும் சீட்டுக்கு நெருக்கமானது. பொதுமக்களிடம் வைப்பு ஏற்பதிலிருந்து அது வேறுபட்டது என்பதே என் கருத்து. ஆனால் 14 பேர் 140 பேராகி, ஒருவரையொருவர் தெரியாத நிலை வந்தால் இதே வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். அந்தக் கட்டம் வந்தால் 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் வழியில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமாகப் பதிவதைப் பற்றி யோசியுங்கள். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்து இந்த நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வரலாறு உண்டு. தளர்ந்துபோன அந்த இயக்கத்தை 1978இல் கேகாலை மாவட்டத்தின் வல்கமவிலிருந்து கிரிவந்தெனிய அவர்கள் "சணச" என்ற பெயரில் மீண்டும் எழுப்பினார். உறுப்பினர் சேமிப்பைச் சட்டப்படி ஏற்கலாம் என்பதும், கூட்டுறவுத் திணைக்களத்தின் கணக்காய்வு உண்டு என்பதும் அதன் பலம். உறுப்பினர்கள் நான்கு வருடத்துக்கொருமுறை மாறிப்போவது உங்களுக்கு இடராக இருக்கும். உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி ஒன்றை அமைக்கலாம் என்று உங்கள் நண்பர் சொன்னது இதற்கு உதவாது. கம்பனியாகப் பதிந்தாலும் வைப்பு ஏற்கும் உரிமை வராது, ஆண்டறிக்கைச் செலவு மட்டும் வரும்.

மாமாவின் பணத்தை, திருப்பிக் கேட்காத நன்கொடையாக, வங்கி வழியாக, கழகத்தின் கணக்குக்கே, பல்கலைக்கழகத்தின் அனுமதியோடு பெற்றுக்கொள்ளலாம். கடனாகவோ, வங்கிக்கு வெளியே ஆள்வழியாகப் பணம் கைமாறும் உண்டியல் முறையிலோ வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கடன் பெறுவது 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குள் போகும் வேறொரு விடயம்.

இடியப்பம் அவிக்கும் அக்காமார்

நீங்கள் மிகவும் ஆசையோடு எழுதியிருக்கும் பகுதி இதுதான், நான் மறுப்புச் சொல்ல வேண்டியதும் இதுதான். ஓர் அக்காவுக்கு இப்போது எத்தனை கடன் இருக்கிறது என்று கேட்டீர்களா? 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்குக் குறைந்த, தவணை தவறிய நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அதே வருடம் இலங்கை வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர், ஆண்டுக்கு 220 சதவீதம் வரை போன வட்டியையும், வசூலிப்பவர்களின் துன்புறுத்தலையும், அதனால் நேர்ந்த உயிரிழப்புகளையும் பற்றிப் பேசினார். 2021 மார்ச்சில் ஹிங்குராங்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்ததே அவர்களில் பலரின் கதை. உங்களுடைய 20,000 ரூபா அந்தச் சங்கிலியில் இன்னொரு வளையமாகப் போகலாம். அது வராமல் போனால் உங்கள் 14 பேரின் வாடகையும் போகும்.

பணம் இல்லாமலே நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அந்த அக்காமாரில் பலர் தங்களால் வாசிக்க முடியாத மொழியில் எழுதிய பத்திரங்களில் ஒப்பமிட்டிருப்பார்கள். மூன்று மொழியும் கணக்கும் தெரிந்த மாணவர்கள் சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கி அந்தப் பத்திரத்தை வாசித்துச் சொல்லி, உண்மையான வட்டி எவ்வளவு என்று நான் மேலே காட்டியது போலப் போட்டுக் காட்டலாம். மாவும் எரிவாயுவும் போக ஒரு நாளில் கையில் நிற்பது எவ்வளவு என்று கொப்பி எழுதப் பழக்கலாம். சிக்கன கடனுதவுச் சங்கத்துக்கோ சமுர்த்தி வங்கிக்கோ கூட்டிக்கொண்டு போகலாம். தனியாரிடம் வட்டிக்கு வாங்கியவர்களுக்கு 1918ஆம் ஆண்டின் பணக்கடன் கட்டளைச் சட்டம் இன்றும் உதவக்கூடும்: வட்டி மிதமிஞ்சியதாகவும் ஒப்பந்தம் கொடூரமானதாகவும் இருந்தால் நீதிமன்றம் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கலாம், உண்மையில் கையில் கொடுத்த தொகை, முன்கூட்டிக் கழித்த வட்டி, வட்டி வீதம் ஆகியவை எழுதப்படாத வாக்குறுதிப் பத்திரத்தை வைத்து வழக்கு நடத்துவதும் கடினம். வெற்றுப் பத்திரத்தில் ஒப்பமிட்ட அக்கா யாராவது இருந்தால், சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியது

அன்ரியின் 50,000 ரூபாவையும் அண்ணனின் 25,000 ரூபாவையும், காசாகக் கையில் கொடுக்காமல், அவர்களுடைய வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். முழுத்தொகையும் திரும்பக் கிடைத்தது, வேறு கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை என்று இரண்டு வரியில் எழுதி ஒப்பம் பெறுங்கள். வட்டியைப் பற்றிக் கேட்டால், முதலை மட்டும் உடனே திருப்பச் சொன்னது சட்டத்தரணி என்று என் மீது பழியைப் போடுங்கள். அன்ரி கோபித்துக்கொண்டாலும் இரண்டு நாளில் ஆறிவிடுவார். மற்றப் பதின்மூன்று பேரையும் கூட்டி, கணக்கை முழுமையாகக் காட்டி, கழகக் கணக்குத் திறக்கும்வரை புதிய கடன் இல்லை என்று எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். யாப்பின் வரைவு தயாரானதும், பெரும்பொருளாளராக வரச் சம்மதிக்கும் விரிவுரையாளரிடம் முதலில் காட்டிவிட்டு, எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வாசித்துக் குறிப்பெழுதித் தருகிறேன்.